முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை

என்.ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்,

எனக்கு வயது இருபத்தொன்பது. பணி அனுபவம் எழுதுகிற வயதில்லை இது. ஆனால் ஏழு ஆண்டுகள் இந்தப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு, இந்த மாதத்தோடு கீழ்த்தளத்துத் தடுப்பூசிப் பிரிவுக்குப் போகிறேன். பையனுக்கு ஒன்றரை வயதாகிறது. ஷிப்ட் மாறி மாறி வருவது இனி என்னால் முடியாது என்று நானே கேட்டு வாங்கிய மாற்றம். அது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“போறதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். தலைப்பக்கம் உயர்த்தி வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, வென்டிலேட்டர் குழாயில் தேங்கும் தண்ணீரைக் குழந்தையின் பக்கம் ஓடவிடாமல் வடிப்பது, கை கழுவுவது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அதையே நானும் எழுதுவதில் பயனில்லை. நான் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன். அன்று காலை சுவரில் ஒட்டியிருந்த அனைத்தையும் நான் சரியாகச் செய்திருந்தேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்தவள். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த முதல் மாதத்திலேயே டாக்டரை ஆறு முறை கூப்பிட்டேன். ஆறு முறையும் ஒன்றுமில்லை. ஆறாவது முறை, பெருமாள் வீதி உலா வரும் கருட சேவை நாள். டூட்டி டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். ஒரு குழந்தைக்குச் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், எழுபதுக்குப் போனதாகத் திரை காட்டியது. பெரிய டாக்டரை வீட்டிலிருந்து அழைத்தேன். தெரு முழுக்க ஜனம். ஸ்கூட்டரை யாரோ ஒருவரின் கடை வாசலில் விட்டுவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு, வேர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால், குழந்தையின் பாதத்தில் ஒட்டியிருந்த சென்சார் காலுறைக்குள் நழுவியிருந்தது.

அவர் திட்டவில்லை. சென்சாரைத் திரும்ப ஒட்டிவிட்டு, “சாமிய பார்த்துட்டு வரலாம்னு இருந்தேன்மா. பரவால்ல, உங்கள பார்த்துட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர், என்னைவிட இரண்டு வயது இளையவள், நான் தொலைபேசியைத் தொட்டாலே “ஆரம்பிச்சிட்டாங்கபா எங்கக்கா” என்பாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் கேட்கக் கேட்க, போனை எடுக்கும் முன் நான் ஒரு நிமிடம் அதிகமாக யோசிக்கத் தொடங்கினேன்.

நான் சொல்ல வந்த நாள் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. காலை ஷிப்ட். வீட்டிலிருந்து கிளம்பும்போது எட்டு மாதப் பையனின் நெற்றி சூடாக இருந்தது போல் பட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே மூன்று முறை உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். மாமியார் பையனைப் பிடுங்கிக்கொண்டார். “ஒனக்கு எல்லாமே ஜொரம்தான்மா. புழுக்கத்துல தூங்கி எழுந்த புள்ள சூடாத்தான் இருக்கும். நீ கெளம்பு, பஸ் போய்டும்.” பேருந்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: இன்றைக்கு ஒரு நாளாவது பதறாமல் இரு.

அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட குழந்தை, பதினோரு வாரம் முன்னதாகப் பிறந்த ஒரு பெண். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வென்டிலேட்டரில் ஆறாவது நாள். குழந்தையின் அம்மாவுக்கு ஊர் தாமல். பெயர் வேண்டாம், பிரிவில் எல்லோரும் சொன்னதுபோல் தாமல் பொண்ணு என்றே சொல்கிறேன். இருபத்திரண்டு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவள், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் பதினொரு மணிக்கும் சாயங்காலமும் சின்னக் குப்பியில் தாய்ப்பால் எடுத்துக்கொண்டு வருவாள். அதில் இரண்டு சொட்டைப் பஞ்சில் தொட்டுக் குழந்தையின் வாயில் தடவுவோம். மீதி இரைப்பைக் குழாய் வழியாகப் போகும்.

முந்தின நாள் ரவுண்ட்ஸில் டாக்டர் நல்ல செய்தி சொல்லியிருந்தார். ஆக்சிஜன் முப்பது சதவீதம்தான் தேவைப்படுகிறது, இரண்டு நாளில் மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் டியூபை எடுத்துவிடலாம். அன்று மாலையே தாமல் பொண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது.

எட்டரை மணிக்குச் சாச்சுரேஷன் எண்பத்தெட்டு ஆயிற்று. சளியை உறிஞ்சினேன். முந்தைய நாள்களைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. மஞ்சளா, இல்லை விளக்கு வெளிச்சமா என்று தெரியவில்லை. ஆக்சிஜன் குமிழை முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குத் திருப்பினேன். தொண்ணூற்றிரண்டு வந்தது. மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் முப்பதுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தும் விட்டேன். சார்ட்டில் ஒன்பது மணிக் கட்டத்தில் முப்பது என்று எழுதினேன். அது பொய்யில்லை. அந்த நிமிடம் முப்பதுதான்.

ஐந்து நிமிடத்தில் சாச்சுரேஷன் மறுபடி இறங்கியது, குமிழைத் திரும்ப ஏற்றினேன். முப்பத்தைந்து. ஒன்பதே முக்காலுக்கு நாற்பது. பத்து மணிக் கட்டம் வந்தபோது பேனாவை எடுத்தேன். நாற்பது என்று எழுதினால் யாராவது கேட்பார்கள். கேட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நாளைக்கு டியூப் எடுப்பது தள்ளிப்போகும். அதுவும் ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தால்? குறைத்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டேன். பத்தரை தாண்டி நாற்பத்தைந்து. பதினொரு மணிக் கட்டமும் காலி.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஐந்துதான் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் திரையில் எண் நல்லபடியாக வந்தது. குமிழைத் திருப்பியதும் அலாரம் நின்றுவிடும், அதோடு என் சந்தேகமும் கொஞ்ச நேரம் அடங்கிவிடும். நடுவில் ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்து பையனைப் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் என் கை தயங்கவில்லை.

பதினொன்றே காலுக்குத் தாமல் பொண்ணு வந்தாள். கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு, குப்பியைப் பத்திரமாகப் பிடித்தபடி. குழந்தையைப் பார்த்தாள், பிறகு வென்டிலேட்டரைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, நேத்து சாயங்காலம் முப்பது இருந்துச்சு. இப்ப நாப்பத்தஞ்சு இருக்குது!”

நான் அவளைப் பார்த்தேன்.

“நான் தெனம் பார்த்துக்கினுதான்கா இருக்கறேன். மொத நாள் இன்னா இருந்துச்சுன்னு தெரியல, பயத்துல பார்க்கல. அப்புறம் முப்பதுலயே நின்னுக்கினு இருந்துச்சா, இன்னாடா இது, பாஸ் மார்க்கு கூட வாங்க மாட்டேங்குதேன்னு அவர்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன். இப்ப பாரு, ஒரே நாள்ல பதினஞ்சு! நாளைக்கு டியூப் எடுக்கறதுக்குத்தான இப்படி ஏறுது? அவர் கீழ ஆட்டோவுலதான் இருக்குறாரு, போய் சொல்லிட்டு வரட்டா?”

ஐந்து நாளாக அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது என்ன எண் என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் முப்பது நாற்பத்தைந்து ஆனதை அந்த அறையில் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அவள் சந்தோஷமாகச் சொன்னதால்தான் எனக்குக் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். பயந்து கேட்டிருந்தால், ‘ஒண்ணுமில்லமா’ என்று நானும் பழக்கத்தில் சொல்லியிருப்பேன்.

“மா, கொஞ்சம் இருங்க. கீழ போக வேணாம்” என்றேன். “அது மார்க்கு இல்லமா. பாப்பாவுக்கு நாம குடுக்குற ஆக்சிஜன். அது ஏறக் கூடாது.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “ஏறக் கூடாதுன்னா, யாரு ஏத்துனாங்க?”

டூட்டி டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். மணி போய்க்கொண்டிருந்தபோதே அலாரம் அடித்தது. எண்பது. எழுபத்திரண்டு. அறுபது. இதயத்துடிப்பும் இறங்கத் தொடங்கியது. குழந்தையின் உதட்டைப் பார்த்தேன், நீலமாகிக்கொண்டிருந்தது. இந்த முறை சென்சார் நழுவவில்லை.

பக்கத்துப் படுக்கையிலிருந்து அந்த இளைய சிஸ்டர் ஓடிவந்தாள். தாமல் பொண்ணைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். நான் வென்டிலேட்டரைக் கழற்றி, டியூபில் மூச்சுப் பையை மாட்டிக் கையால் அழுத்தத் தொடங்கினேன். நெஞ்சு ஏறவே இல்லை. டூட்டி டாக்டர் வந்தபோது அறுபதும் இல்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி, “எப்போலேர்ந்து?”

கேட்டுக்கொண்டே சார்ட்டைப் பார்த்தார். ஒன்பதுக்கு முப்பது. அதற்கப்புறம் காலி. “ஒம்பதுக்கு நல்லா இருந்திருக்கு. இப்பதானா?”

“இப்பதான் சார், திடீர்னு” என்றாள் இளைய சிஸ்டர். அவள் கண்டது அதுதான். அவள் பொய் சொல்லவில்லை.

நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று இப்படி ஆனால், நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று அடைத்திருக்கலாம் என்று டாக்டர் முதலில் சந்தேகிப்பார். அப்படியென்றால் ஊசியைக் குத்திக் காற்றை எடுக்க வேண்டும், எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. அவர் குளிர்விளக்கை எடுத்துக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். காற்று அடைத்திருந்தால் அந்தப் பக்கம் அதிகமாக ஒளிரும், ஆனால் ஒரு கிலோ குழந்தையின் நெஞ்சு எப்படியும் ஒளிரும். வலப்பக்கம் கொஞ்சம் அதிகமா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. “ரைட் சைடு போல இருக்கு. ஊசி குடுங்க” என்றார்.

ஊசியும் பஞ்சும் என் கைக்குத்தான் எட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்தேன்.

அந்த இரண்டு மூன்று விநாடிகளில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் டாக்டர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். சொன்னால் என் வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். சொல்லாவிட்டாலும் குழந்தை பிழைத்துவிடலாம், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஐந்து ஐந்தாகக் குமிழைத் திருப்பியபோது ஓடிய அதே எண்ணம்.

“திடீர்னு இல்ல சார்” என்றேன்.

“இன்னாது?”

“எட்டரையிலேர்ந்து. நான்தான் ஏத்திக்கினே வந்தேன். முப்பத்தஞ்சு, நாப்பது, நாப்பத்தஞ்சு. சளி கெட்டியா இருந்துச்சு, மஞ்சளா. எழுதல.”

மஞ்சள் என்று சொன்னபோதுதான் அது மஞ்சள்தான் என்பது எனக்கே உறுதியாயிற்று.

அவர் என்னைப் பார்த்த பார்வை ஒரு விநாடிகூட இருக்காது. “சக்ஷன்” என்றார். உறிஞ்சு குழாயை உள்ளே விட்டேன். பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது முறையும் அங்கேயே நின்றது. “அடைச்சுக்கிச்சு. டியூப எடுங்க.” பழைய குழாயை இழுத்தபோது அதன் முனையை மஞ்சள் சளி மெழுகுபோல் அடைத்திருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தினார். நெஞ்சு ஏறியது. நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது என்று எண் மெல்ல ஏறியது. புதுக் குழாய் போட்டு முடித்தபோது தொண்ணூறு. அந்த எண் ஏறியபோது நான் திரையைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. காற்று இல்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு வரும் நிமோனியா. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம். ஆக்சிஜன் அறுபதில் நின்றது.

கை கழுவும் இடத்தில் டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க இன்னும் கொஞ்சம் யோசிச்சிருந்தா குத்தியிருப்பேன்” என்றார். “கூப்பிட வேண்டியதுதான காலைலயே?” நான் கருட சேவையைச் சொல்லவில்லை. அதைக் காரணமாகச் சொல்லும் தகுதி அன்று எனக்கு இல்லை.

இளைய சிஸ்டருக்கு என் மேல் கோபம். “ஏன்கா நீங்களா போயி மாட்டிக்கினீங்க? யாரும் கேக்கலையே?” டாக்டர் கேட்டாரே என்றேன். அவள், “நான்தான் திடீர்னு சொல்லிட்டேன் இல்ல” என்றாள். அன்றிலிருந்து அவள் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்ததை எழுதி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்தேன். குழந்தையின் அம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொல்லாதன்னு சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒன் மனசு லேசாவணும்னு சொல்றியா, அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்னு சொல்றியா, அத யோசிச்சிக்கினு போ. ஒன் மனசு லேசாவறதுக்குன்னா, அவகிட்ட அழாத.”

அழாமல் சொன்னேன். டாக்டர் நோய்த்தொற்று என்று விளக்கிய பிறகு, அவரும் நிற்கும்போதே சொன்னேன். காலையிலிருந்து ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டது, நான் ஏற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை, முன்பே சொல்லியிருந்தால் மருந்து இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் போயிருக்கும், குழாய் அடைப்பதற்கு முன் பார்த்திருக்கலாம் என்றேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். “நான் சந்தோஷமா சொன்னேன் பாரு, அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சுமா.”

மறுநாள் காலை அவள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், தன் குழந்தைக்கு வேறு சிஸ்டர் வேண்டும் என்று கேட்டாள். எனக்கு எதிர் வரிசையில் வேறு ஒரு குழந்தையைக் கொடுத்தார்கள். அது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் வலித்தது.

அடுத்த ஐந்து நாளும் அந்தக் குழந்தையை அறையின் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். இரண்டாம் நாள் ஆக்சிஜன் எழுபதுக்குப் போயிற்று. சளிப் பரிசோதனை முடிவு வந்து மருந்தை மாற்றினார்கள். அன்று வீட்டுக்குப் போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், சாப்பிடவில்லை. அவனுக்கு அந்தக் காலையில் ஜுரமே இல்லை, மாமியார் சொன்னதுதான் சரி. ஒரே காலையில் இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பயந்தேன். ஒன்று வீண், ஒன்று உண்மை. இரண்டும் உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் இருந்தன.

அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உள்ளுணர்வை நம்புங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, என்னுடையது பாதி நாள் தவறு. நான் இப்போது செய்வதை மட்டும் சொல்கிறேன். குமிழைத் தொட்டால், தொட்ட கையோடு பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன்: “அஞ்சு ஏத்தியிருக்கேன்.” பதில் எதிர்பார்ப்பதில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது என் குரலே எனக்குச் சொல்லிவிடுகிறது. கட்டத்தில் அந்த நேரத்து எண்ணை எழுதுகிறேன், அசிங்கமாக இருந்தாலும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அப்புறம், அம்மாக்களிடம் திரையில் உள்ள எண்கள் எவை, எது ஏறினால் நல்லது, எது ஏறினால் கெட்டது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அவர்கள் எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஐம்பது. நான்காம் நாள் முப்பத்தைந்து. ஆறாம் நாள் பிற்பகல் டாக்டர் டியூபை எடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. எதிர் வரிசையில் ஒரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால், அது இருக்கும்வரை குழந்தை அழுதாலும் சத்தம் வராது. முகம் சுருங்கும், வாய் திறக்கும், அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்குப் பிறந்த அன்றே டியூப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் அதன் அம்மா அதன் குரலைக் கேட்டதே இல்லை.

முதலில் கதவு கிறீச்சிடுவது போல் ஒன்று. பிறகு ஒரு இருமல். அப்புறம், கரகரவென்று, கோபமாக, விடாமல் ஒரு அழுகை. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். தாமல் பொண்ணு குப்பியோடு அப்படியே நின்றாள். சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவள் அறையைக் கடந்து என் பக்கம் வந்தாள். ஆறு நாளில் முதல் முறை.

“கேட்டீங்களாக்கா?”

“கேட்டேன்மா.”

“இனிமே அவளுக்கு ஒண்ணுன்னா அவளே கத்துவா” என்றாள். “யாரும் சொல்றாங்களா இல்லையான்னு பார்த்துக்கினு இருக்க வேணாம்.”